பாக்கு நீரிணையைக் கடந்த மாணவர் ஊழியம்

1900ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் கல்விச்சாலைகளின் மாணவர்கள் தமக்கென்று ஒரு பிறநாட்டு மிஷன் சங்கத்தை அமைத்தனர். பாக்கு நீரிணைக்கு அப்பால், இராமநாதபுரம் சீமையின் கரையோரத்தில் உள்ள தொண்டிப் பகுதி அச்சங்கத்தின் ஊழியக் களமாயிற்று. அதுவரை எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டு ஊழியரை வரவேற்றுவந்த குடாநாடு, இச்சங்கத்தின் மூலம் ஊழியரை வெளியே அனுப்பும் இடமாகவும் ஆனது. விடுமுறைக் காலத்தில் விமானமேறி இரண்டு கிழமை ஊழியம் செய்து திரும்பும் இன்றைய மாணவர் பயணங்களுக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அதில் ஒரு பெரும் பங்கு வட்டுக்கோட்டை, உடுவில், தெல்லிப்பழை ஆகிய ஊர்களுக்கும் கடலுக்கு அக்கரையில் மதுரை, தொண்டி, திருநெல்வேலி ஆகிய இடங்களுக்கும் உரியது. குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னிப் பெருநிலம் அந்த வரலாற்றுக்குள் மிகப் பிந்தியே வந்தது.

மாணவர் இயக்கமாகத் தொடங்கிய மிஷன்

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனே ஒரு மாணவர் கூட்டத்தில் பிறந்தது. 1806 ஓகஸ்டில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் வயல்வெளியில் ஜெபிக்கக் கூடினர். இடி மழை பிடித்துக்கொள்ள, அவர்கள் ஒரு வைக்கோற்போரின் ஒதுக்கில் இருந்தபடி ஆசிய நாடுகளுக்குச் சுவிசேஷம் கொண்டுசெல்வது பற்றிப் பேசினர். சாமுவேல் மில்ஸ் என்ற மாணவர் இக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். நான்கு ஆண்டுகளின் பின், 1810 இல், அமெரிக்கன் போர்ட் எனப்படும் வெளிநாட்டு மிஷன் சபை உருவாவதற்கு இந்த மாணவர் வட்டமே காரணமாயிற்று.

1812 இல் அச்சபையின் முதல் ஊழியர் கல்கத்தாவுக்கு வந்தபோது கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை இருக்கவிடவில்லை. அவர்களுள் ஒருவரான சாமுவேல் நியுவெல் மொரீசியசுக்குப் போய், அங்கிருந்து இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பனியின் கையில் இல்லாமல் நேரடியாகப் பிரித்தானிய முடியின் ஆட்சியில் இருந்தது. தமிழ் பேசும் யாழ்ப்பாணம் தென்னிந்தியாவுக்கு வாசலாக அமையும் என்றும் நியுவெல் கருதினார். அவருடைய பரிந்துரையை ஏற்று 1815 ஒக்டோபரில் ஒரு குழு கப்பலேறியது. 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்த அக்குழுவினர் அவ்வாண்டின் பிற்பகுதியில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தனர். டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வர்ட் வாரன், ஜேம்ஸ் றிச்சாட்ஸ் ஆகியோர் அதில் இருந்தனர்.

இவர்களுள் றிச்சாட்ஸ் வைக்கோற்போரடியில் இருந்த ஐவரில் ஒருவர். அவர் 1822 ஓகஸ்டில் தெல்லிப்பழையில் நோயால் இறந்தார். வாரன் அதற்கு முன்பே, 1818 இல், உடல்நலம் தேடிச் சென்ற வழியில் நன்னம்பிக்கை முனையில் காலமாகியிருந்தார். அக்கால மாணவர் ஊழியத்துக்குக் குறுகிய காலம் என்ற பேச்சே இல்லை. ஐந்து மாதக் கடற்பயணம், இறப்புவரை வேலை என்பதே நடைமுறை. ஊர் திரும்பியவர்களும் பெரும்பாலும் உடல் தளர்ந்த பின்பே திரும்பினர்.

வட்டுக்கோட்டையிலிருந்து மதுரைக்கு

1820 இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அமெரிக்க மிஷனரிமார் மேலும் வருவதைத் தடுத்தார். அச்சகத்தை நடத்த வந்த ஜேம்ஸ் கரெட்டும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இத்தடை மிஷனின் போக்கை மாற்றியது. புதிய ஆட்கள் வர வழியில்லை என்றானபின், உள்ளூர் இளைஞரைப் பயிற்றுவிப்பதில் கவனம் குவிந்தது. 1823 இல் வட்டுக்கோட்டையில் டானியல் பூவர் தலைமையில் செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டு உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடக்கினார். செமினரியில் தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவை வேதபாடத்தோடு கற்பிக்கப்பட்டன. சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை போன்றோர் அங்கு பயின்றவர்களே. அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை மாணவருக்கு இடும் வழக்கமும் அங்கு இருந்தது.

1833 இன் பட்டயச் சட்டம் கம்பனி ஆட்சிப் பகுதியில் வெளிநாட்டவர் தங்குவதற்கு இருந்த தடைகளைத் தளர்த்தியது. மறு ஆண்டே யாழ்ப்பாண மிஷனைச் சேர்ந்த லீவை ஸ்போல்டிங் மதுரைக்குச் சென்று நிலைமையை ஆராய்ந்தார். 1834 இன் நடுப்பகுதியில் ஹென்றி ஹொய்சிங்டன், வில்லியம் ரொட் ஆகிய இருவர் மதுரையில் மிஷனைத் தொடங்கினர். அவர்களோடு யாழ்ப்பாணத்தில் பயிற்சி பெற்ற தமிழ் உதவியாளரும் சென்றனர். பிற்காலத்தில் அமெரிக்கன் கல்லூரியையும் மருத்துவமனைகளையும் நிறுவிய மதுரை மிஷன் இவ்வாறு யாழ்ப்பாணத்தின் கிளையாகவே தொடங்கியது. 1836 இல் மைரன் வின்ஸ்லோவும் மருத்துவர் ஜோன் ஸ்கடரும் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குச் சென்று அங்கு ஒரு நிலையம் அமைத்தனர்.

யாழ்ப்பாண இளைஞர் கடல் கடந்து ஊழியம் செய்த முதற் கட்டம் இது. எனினும் அவர்கள் மிஷனின் சம்பளத்தில், வெள்ளைக்காரத் தலைவர்களின் கீழ் உதவியாளராகவே சென்றனர். எங்கே போவது, எவ்வளவு காலம் இருப்பது என்ற முடிவுகள் அவர்கள் கையில் இருக்கவில்லை.

உள்ளூரில் நிலைமை மெதுவாக மாறியது. 1832 இல் உள்ளூர்க் கிறிஸ்தவர் அமைத்த சுவிசேஷ சங்கம் குடாநாட்டுக்கு மேற்கே உள்ள தீவுகளில் வேலை செய்தது. பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கமும், ஒரு தென்னையின் அல்லது பனையின் விளைவைச் சபைக்கென நேர்ந்து விடும் வழக்கமும் வேரூன்றின. காசுப் புழக்கம் குறைந்த ஊர்களில் ஒரு சங்கம் தன் செலவைத் தானே தாங்குவதற்கு இவை வழி செய்தன.

கல்லூரி மாணவர் சங்கம்

றூபஸ் அன்டர்சன் தலைமையில் அமெரிக்காவிலிருந்து வந்த குழுவின் தீர்ப்பால் 1855 இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்தைவிட அரசாங்க உத்தியோகத்துக்கே கொண்டுசெல்கிறது என்பது அன்டர்சனின் கருத்து. பழைய மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் விடாது முயன்றதால் 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. மிஷன் மூடியதை ஊரவர் மீண்டும் திறக்கவைத்த இந்நிகழ்வு, பின்னர் வந்த மாணவர் சங்கங்களின் தன்னம்பிக்கைக்கு ஓர் அடிப்படை.

1882 இல் அங்கு கற்பிக்க வந்த இளம் ஆசிரியர் பிராங்க் சான்டர்ஸ், பிற்காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். அவருடைய ஊக்கத்தால் 1884 இல் யாழ்ப்பாணக் கல்லூரியில் வாலிபர் கிறிஸ்தவ சங்கம், அதாவது வை.எம்.சி.ஏ., தொடங்கியது. ஆசியாவின் முதற் கல்லூரி வை.எம்.சி.ஏ. இதுவே என மாணவர் இயக்க வரலாறுகள் குறிப்பிடுகின்றன. மாணவர் ஞாயிறு தினங்களில் அயற் கிராமங்களில் ஞாயிறு பாடசாலை நடத்தினர். எழுவைதீவைத் தம் பொறுப்பில் எடுத்து, அங்கு நடந்த ஊழியத்துக்குப் பணமும் திரட்டினர். விடுமுறையில் அல்லது ஓய்வு நாளில் போய் வேலை செய்து மீண்டும் வகுப்புக்குத் திரும்பும் முறை யாழ்ப்பாணத்தில் இவ்வாறு பழக்கமாயிற்று.

அதே ஆண்டுகளில் உலகெங்கும் மாணவர் அலை ஒன்று எழுந்தது. 1886 இல் அமெரிக்காவின் மவுன்ட் ஹெர்மனில் நடந்த கோடைக்கால முகாமில் நூறு மாணவர் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக உறுதி பூண்டனர். இதிலிருந்து மாணவர் தொண்டர் இயக்கம் பிறந்தது. 1895 இல் சுவீடனில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் உருவானது. அதன் செயலாளர் ஜோன் மொற் அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றி, கல்லூரிச் சங்கங்களை ஒரே அமைப்பாக இணைத்தார். அந்த அழைப்பு மேற்கத்திய மாணவரை ஆசியாவுக்கு அனுப்புவதையே முதன்மையாக எண்ணியது. யாழ்ப்பாண மாணவரோ, தாம் யாரிடம் போவது என்று கேட்டுக்கொண்டனர்.

தொண்டி

அக்கேள்விக்குக் கிடைத்த விடை தொண்டி. பாக்கு நீரிணையின் மேற்குக் கரையில் உள்ள இப்பழந்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நெடுங்காலக் கடல்வழித் தொடர்பு இருந்தது. அரிசியும் துணியும் இக்கரைக்கு வந்தன. பனை மரங்கள் அக்கரைக்குப் போயின. பாய்மரத் தோணிகள் காற்று வாய்த்தால் ஓரிரு நாளில் கடந்துவிடும். பேசும் மொழி ஒன்றே, பிரயாணச் செலவு குறைவு, கடவுச்சீட்டு என்ற தேவையே அப்போது இல்லை. சிறிய மாணவர் சங்கம் ஒன்று தாங்கக்கூடிய பிறநாடு அதுவே.

அன்று தொண்டி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த இராமநாதபுரம் சமீனுக்குள் இருந்தது. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910 இல். அச்சீமையில் கத்தோலிக்க மரபு பழையது. 1693 இல் அருளானந்தர் எனப்படும் ஜோன் டி பிரிட்டோ கொல்லப்பட்ட ஓரியூர் தொண்டிக்கு அணித்தே உள்ளது. புரட்டஸ்தாந்து மிஷன்களைப் பொறுத்தவரை மதுரையின் அமெரிக்கரும் இராமநாதபுரத்தின் ஆங்கிலிக்கரும் தத்தம் மையங்களில் ஊன்றியிருந்தனர். இக்கரையோரம் அவ்விரண்டுக்கும் ஒதுக்குப்புறமாகக் கிடந்தது.

சங்கத்தின் அமைப்பு எளியது. மாணவரும் ஆசிரியரும் காணிக்கை தருவர். அவர்களுள்ளிருந்தே ஊழியர் புறப்படுவர்.  1834 இன் மதுரைப் பயணத்திலிருந்து இது மூன்று வகைகளில் வேறுபட்டது. பணம் உள்ளூரில் சேர்ந்தது; களத்தைத் தெரிவு செய்தவர் உள்ளூரார்; போனவர் யாருக்கும் உதவியாளராகப் போகவில்லை. படிக்கும் மாணவர் பெரும்பாலோர் தொண்டியைக் கண்ணாற் கண்டதில்லை. அவர்களுடைய பங்கு கொடுப்பதும் ஜெபிப்பதுமே. எனினும் ஒருவர் போவதற்குப் பலர் ஊரிலிருந்து தாங்குவது என்ற ஏற்பாடு, மாணவப் பருவத்தோடு முடிந்துவிடாத ஊழியத்தை நடத்த உதவியது.

அசரியாவின் வருகை

1902 இல் வை.எம்.சி.ஏ.யின் பயணச் செயலாளராக வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணம் வந்தார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874 இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 28. இளைஞருக்குக் கூட்டங்கள் நடத்துவதே அவர் வந்த நோக்கம். யாழ்ப்பாணத் தமிழர் தம் சொந்தக் காசில் கடல் கடந்து தமிழ்நாட்டின் ஒரு மூலைக்கு ஊழியரை அனுப்பிவருவதை அவர் அங்கு அறிந்தார். தென்னிந்தியாவிலேயே மிகப் பெரிய புரட்டஸ்தாந்துச் சமூகங்களில் ஒன்றான திருநெல்வேலித் திருச்சபை அத்தகைய எதையும் செய்யவில்லை என்ற எண்ணம் அவரை உறுத்தியது.

ஊர் திரும்பியபின் அவர் நண்பர்களோடு கூடிப் பேசினார். 1903 பெப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டது. இந்தியர் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. சங்கம் தெரிந்தெடுத்த களம் ஐதராபாத் நிசாமின் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். யாழ்ப்பாணத்தார் மொழி ஒன்றாயிருந்த கரைக்குப் போனார்கள். திருநெல்வேலியார் தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டிய நாட்டுக்குப் போனார்கள். அசரியாவே 1909 இல் அங்கு சென்று குடியமர்ந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் தோர்ணக்கலின் பேராயராக அருட்பொழிவு பெற்று, ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இதற்கிடையில், 1905 டிசம்பர் 25 அன்று, வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியது. திருநெல்வேலியின் முறையை இந்தியா முழுவதற்கும் விரித்த இச்சங்கத்தின் முன்னணியிலும் அசரியா இருந்தார். தொண்டியில் நடந்த வேலையின் அளவு சிறியது. அதைக் கேள்விப்பட்ட ஒருவரால் விளைந்தவை பெரியவை. குறுகிய கால வருகை ஒன்றின் பயன், வந்தவர் கொடுத்ததைவிட அவர் கண்டு கற்றதில் தங்கியிருந்தமைக்கு மாணவர் மிஷன் வரலாற்றில் இது தெளிவான சான்று.

கடல் எல்லையான காலம்

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பற்சேவை தொடங்கியபின் மாணவர் மாநாடுகளுக்கும் முகாம்களுக்கும் இரு கரையாரும் எளிதாகப் போய்வந்தனர். 1921 இல் திருப்பத்தூரில் எஸ். ஜேசுதாசனும் பொறஸ்ரர் பேற்றனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தின் மரபு யாழ்ப்பாணத்தையும் எட்டியது. 1939 இல் குடாநாட்டில் சேவக் செல்வரத்தினமும் பிறயன் டி கிறெற்சரும் கிறிஸ்த சேவ ஆசிரமத்தை அமைத்தனர். 1908 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த டி.ரி. நைல்ஸ் மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வளர்ந்து, 1953 முதல் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் தலைவராக இருந்தார்.

சட்டங்கள் பாதையைக் குறுக்கின. 1948 இன் குடிவரவு குடியகல்வுச் சட்டம் இந்திய இலங்கைப் பயணத்துக்குக் கடவுச்சீட்டையும் விசாவையும் கட்டாயமாக்கியது. 1960 இலும் 1961 இலும் வந்த சட்டங்களால் உதவி பெறும் மிஷன் பாடசாலைகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது.

இன்று வழங்கும் பொருளிலான குறுகிய கால மிஷன் பயணம் இதே காலத்தில் வேறிடத்தில் உருவெடுத்தது. 1957 இல் அமெரிக்க மாணவர் ஜோர்ஜ் வேர்வர் இரு நண்பர்களோடு கோடை விடுமுறையில் மெக்சிக்கோவுக்குப் போய்ப் புத்தகங்கள் விநியோகித்தார். பின்னாளில் ஒப்பரேஷன் மொபிலைசேஷன் என்ற அமைப்பாக வளர்ந்தது அப்பயணமே. 1960 இல் லோறன் கனிங்காம் இளைஞருக்கான மற்றோர் அமைப்பைத் தொடங்கினார். விமானப் பயணம் மலிந்தபோது, வாழ்நாள் என்ற அளவு ஓராண்டாகவும், பின்னர் ஒரு விடுமுறையாகவும் சுருங்கியது. தமிழ்நாட்டில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் உழைத்த இளைஞர் வட்டத்திலிருந்து நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு எழுந்தது. அது 1967 இல் தன் முதல் ஊழியரைத் தருமபுரி மலைப்பகுதிக்கு அனுப்பியது. விடுமுறைத் தொண்டு அங்கு நீண்ட கால ஊழியத்துக்கு வாயிலாயிற்று.

வன்னியும் உடையார்கட்டும்

வன்னிப் பெருநிலம் இவ்வளவுக்கும் ஓரத்தில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடாநாட்டை மூன்று புரட்டஸ்தாந்து மிஷன்கள் பங்கிட்டுக்கொண்டன: யாழ் நகரும் வடமராட்சியும் மெதடிஸ்தருக்கு, நல்லூர், சுண்டிக்குழி, கோப்பாய் ஆங்கிலிக்கருக்கு, வலிகாமத்தின் பெரும்பகுதியும் தீவுகளும் அமெரிக்கருக்கு. வன்னியில் முல்லைத்தீவை அண்டிய மெதடிஸ்த ஊழியமும், கடற்கரை ஊர்களிலும் மடுவிலும் கத்தோலிக்க சமூகமும் இருந்தன. உட்பகுதிக் காடுகளில் மலேரியாக் காய்ச்சல் கடுமை, குடிசனம் ஐதானது, குளங்கள் பல தூர்ந்து கிடந்தன. மாணவருக்குத் தொண்டி தோணித் தூரத்தில் இருந்தது. வன்னிக்குள் போவதற்குக் காட்டு வழியே இருந்தது.

1905 இல் வடக்கு ரயில்பாதை வன்னியை ஊடறுத்துச் சென்றது. 1920 இல் இரணைமடுக் குளம் நிறைவேறியது. கிளிநொச்சிக் குடியேற்றங்கள் 1930களில் தொடங்கின. 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை அடக்கியபின் குடாநாட்டு விவசாயிகள் மேலும் வந்தனர். 1958, 1977 ஆண்டுகளின் வன்முறைகளால் தெற்கிலும் மலையகத்திலும் இருந்து இடம்பெயர்ந்தோரும் வன்னியில் குடியேறினர். சபைகளின் தொண்டு இம்மக்களோடு வளர்ந்தது. 1947 ஒக்டோபரில் எஸ். குலேந்திரனை முதற் பேராயராகக் கொண்டு உருவான தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் அமெரிக்க மிஷனின் வேலையைத் தொடர்ந்தது. ஆங்கிலேய மிஷனரி மியூரியல் ஹட்சின்ஸ் 1950களில் கிளிநொச்சியில் தொடக்கிய கருணா நிலையம் ஆதரவற்ற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புகலிடமாயிற்று.

வன்னி ஊர்களுள் ஒன்றான உடையார்கட்டு, பரந்தன் முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் உள்ளது. ஊரின் பெயரையே தாங்கிய குளமும் அதன் கீழுள்ள வயல்களுமே ஊரவரின் பிழைப்பு. இத்தகைய ஊருக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வரமுடிந்ததா என்பதை உள்நாட்டுப் போரின் போக்கே தீர்மானித்தது. 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தைத் தொடர்ந்து ஏ9 வீதி திறந்ததும், புலம்பெயர் தமிழரும் உதவி அமைப்புகளும் வன்னிக்குள் வந்தனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது பல நாட்டுத் தொண்டர் வந்து சேர்ந்தனர். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளரும் சர்வதேச தொண்டு நிறுவனங்களும் அரசாங்க உத்தரவால் வன்னியைவிட்டு வெளியேறினர். 2009 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்த முதற் பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் அடங்கியது. இடம்பெயர்ந்த மக்கள் அங்கு நெருக்கியடித்துத் தங்கினர். ஊர்ப் பாடசாலை தற்காலிக வைத்தியசாலையாக இயங்கியது. எறிகணை வீச்சுக்கு வலயம் விலக்காகவில்லை. அந்த மாதங்களில் மக்களோடு இருந்தவர்களில் உள்ளூர்க் குருமாரும் துறவியரும் அடங்குவர். வெளிநாட்டு மாணவர் குழுக்கள் எவையும் வரமுடியவில்லை.

போருக்குப்பின் மீள்குடியேறிய ஊர்களுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் மறுபடியும் வரத் தொடங்கின. ஆனால் வெளிநாட்டவர் வடக்குக்குச் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி சில ஆண்டுகள் நீடித்தது. தளர்ந்த அவ்விதி 2014 ஒக்டோபரில் மறுபடி வந்து, 2015 ஜனவரியில் நீங்கியது. சமய ஊழியத்துக்காகத் தங்க விரும்புவோருக்கு இலங்கையில் தனி வதிவிட விசா உண்டு. சுற்றுலா விசா அதற்கானதன்று. ஆகவே மாணவர் குழு ஒன்று இரண்டு மூன்று கிழமைக்குள் செய்யக்கூடியவை ஆங்கில வகுப்பு, பிள்ளைகளுக்கான விளையாட்டு, கட்டட வேலை, கிணறு துப்புரவு போன்றவையாகவே அமைகின்றன. கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் வருமிடத்து, தடுமாறிய தமிழாயினும் நேரே பேச முடிவது ஓர் அனுகூலம்.

இத்தகைய பயணங்கள் மீதான குறைகளும் அறியப்பட்டவையே. குழுவின் விமானச் செலவு உள்ளூர் ஊழியர் பலரின் ஆண்டுச் சம்பளத்தை மிஞ்சக்கூடும். உள்ளூர்த் தொழிலாளி செய்யும் வேலையைப் பழகாத கைகள் செய்து அவருடைய கூலியைக் குறைப்பதும் உண்டு. போரில் உறவுகளை இழந்த பிள்ளைகள் பழகிய முகங்கள் போய்விடுவதை மறுபடி மறுபடி தாங்க வேண்டியும் வரலாம். உதவியோடு மதமாற்றம் கலக்கிறது என்ற ஐயம் சைவர் பெரும்பான்மையான ஊர்களில் எழுவதும் இயல்பு.

இருநூறு ஆண்டு அனுபவம் இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. றிச்சாட்ஸ் காலத்தில் போனவர் பலர் திரும்பவில்லை. மதுரைக்குப் போனவர் பிறர் திட்டத்துக்குப் போனார்கள். தொண்டிக்குப் போனவரை ஊரே தெரிவு செய்து அனுப்பித் தாங்கியது. அசரியா குறுகிய காலம் தங்கி, கண்டதைத் தன் ஊரில் நட்டார். காலம் குறுகியதால் மட்டும் ஓர் ஊழியம் வீணாகவில்லை; நீண்டதால் மட்டும் பயன்படவுமில்லை. களத்தை யார் தெரிவு செய்கிறார், செலவை யார் தாங்குகிறார், குழு திரும்பியபின் வேலையை யார் தொடர்கிறார் என்பவற்றைப் பொறுத்தே பயன் அமைந்தது. வன்னியில் இம்மூன்றுக்கும் விடை சொல்லவேண்டியவர்கள் அங்கேயே வாழும் சபையாரும் ஊரவருமே.